ஆழ்கடல் போட்டில் பேட்டரி எட்டு மாதத்தில் போவது ஏன்?

நீங்கள் கேட்டது "பெரிய ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று பேட்டரியை ஏற்றும் கருவி) போடவா, லித்தியம் பேட்டரிக்கு மாறவா" என்று. எழுதியிருக்கிற விவரங்களைச் சேர்த்துப் படித்தால் கேள்வி அதற்கு முன்னாலேயே இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போகும், தூண்டிலில் மீன் பிடிக்கும் அப்பாவின் விசைப்படகு (நம் பேச்சில் போட்டு). 24 வோல்ட் லைன். ஸ்டார்ட்டிங்குக்கு இரண்டு, லைட்டுக்கு இரண்டு என்று 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நான்கு, நான்கும் எஞ்சின் ரூமுக்குள். 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். மீன் கிடக்கிற இடத்துக்கு மூன்று நாள் ஓட்டம், அங்கே ஒரு மாதம் தங்கல். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் லைட் மங்குகிறது. கரைக்கு வந்து பார்த்தால் பேட்டரியில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. எட்டு மாதத்தில் லைட் ஜோடி போய்விடுகிறது, அதிலும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்துப் பேட்டரிதான் முதலில் போகிறது. மெக்கானிக் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்கிறார், கடைக்காரர் டியூபுலர் (வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் லெட்-ஆசிட் வகை) என்கிறார், வளைகுடாவில் இருக்கும் மச்சான் லித்தியம் என்கிறார். இதற்கு நடுவில் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் எழுதுவதையும் படித்துக் குழம்பியிருக்கிறீர்கள். பேட்டரி ஏன் சாகிறது என்று தெரியாமல் இந்த மூன்றில் எதை வாங்கினாலும் அதுவும் அதே வழியில்தான் போகும். அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் போட்டுகளுக்கு வயரிங்கும் வீல்ஹவுஸ் எலக்ட்ரானிக்ஸும் செய்து கொடுப்பது என் தொழில். உங்கள் போட்டை நான் பார்த்ததில்லை. பேட்டரியின் குணமும் கணக்கும் எல்லாப் போட்டுக்கும் ஒன்றுதான், அதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் போட்டில் எந்தக் காரணம் எவ்வளவு பங்கு என்பது என் ஊகம். ஊகமாகச் சொல்லும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன், அதை மீட்டர் வைத்துச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்து.

முதலில் அந்த ஒரு பக்கத்துப் பேட்டரி. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு அதிகம் உதவிய வரி அதுதான். ஜோடியில் எப்போதும் ஒன்றே முதலில் சாகிறது என்றால் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஏதோ ஒன்று அந்தப் பேட்டரியிலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கிறது. நான் ஏறிப் பார்த்த போட்டுகளில் அது பெரும்பாலும் வயர்லெஸ். வி.எச்.எஃப் செட், ஸ்டீரியோ, போன் சார்ஜர் எல்லாம் 12 வோல்ட், போட்டு லைனோ 24. சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் போட்ட இரண்டு பேட்டரியில் நெகட்டிவ் பக்கம் இருப்பதன் இரண்டு டெர்மினலிலும் வயர் கட்டி 12 வோல்ட் எடுத்துவிடுகிறார்கள். செட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தப் பேட்டரி தினமும் பக்கத்துப் பேட்டரியைவிட இருபது, இருபத்தைந்து ஆம்பியர்-ஹவர் கூடுதலாக இழக்கும். ஆல்டர்னேட்டருக்கு இது தெரியாது. இரண்டும் சேர்ந்து 28.4 வோல்ட் வந்துவிட்டதா என்று மட்டுமே அது பார்க்கும். இறங்கிக் கிடக்கும் பேட்டரி 13.4இல் நிற்கும்போது, ஏற்கெனவே நிறைந்த பேட்டரியின் தலையில் மீதி 15 வோல்ட்டும் ஏறும். ஒன்று பட்டினி கிடக்கும், இன்னொன்று கொதித்துத் தண்ணீரை விடும்.

இதை நேரில் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அதிகம் சார்ஜ் வாங்கிய பேட்டரியில் ஆசிட் மட்டம் இறங்கி பிளேட்டின் மேல் விளிம்பு வெளியே தெரியும், மூடியின் அடிப்பக்கம் கறுத்த பொடி ஒட்டியிருக்கும். பட்டினி கிடந்ததில் ஆசிட் மட்டம் சரியாகவே இருக்கும், ஆனால் ஆசிட் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினால் மிதவை மேலே வராது. ஒன்றில் ஆறு செல்லும் 1.240, மற்றதில் ஆறு செல்லும் 1.150 என்று காட்டினால் காரணம் இந்த 12 வோல்ட் வயர்தான், சந்தேகமே வேண்டாம். ஆறு செல்லில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அது வேறு கதை, அந்தச் செல் கெட்டுவிட்டது. எஞ்சின் பல மணி நேரம் ஓடிய பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அதே முடிவுதான்.

இதற்கு மருந்து மலிவானது. லாரி எலக்ட்ரிக்கல் கடைகளில் 24இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கும். அதை 24 வோல்ட் லைன் முழுமைக்கும் குறுக்கே போட்டு, பேட்டரி நடுவிலிருந்து வரும் வயரை வெட்டி எறியுங்கள். என் விருப்பம் இன்னும் ஒரு படி மேல்: வயர்லெஸ், ஏ.ஐ.எஸ் (பக்கத்துக் கப்பல்களுக்கு நம்மைக் காட்டும் கருவி), டிரான்ஸ்பாண்டர் (சேட்டிலைட் வழியாகப் போட்டின் இருப்பிடம் சொல்லும் கருவி) ஆகியவற்றுக்கு வீல்ஹவுஸிலேயே தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி, அதை நிரப்ப 24இலிருந்து ஒரு சின்ன சார்ஜர். டிரான்ஸ்பாண்டருக்கு 24 வோல்ட் வேண்டுமானால் அதை லைனிலேயே விட்டுவிடலாம். 25 வாட் வி.எச்.எஃப் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது, பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் பட்டனை அழுத்தியதும் வோல்ட் சரிந்து, எதிர்முனைக்குக் குரல் போய்ச் சேராது. 2017 ஓகி புயல் சமயத்தில் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடந்த போட்டுகளுக்குச் செய்தி போகாமல் என்ன ஆயிற்று என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுகிற தூரத்தில் நின்றும் பேட்டரி இல்லாமல் பேச முடியாமல் போவது அதைவிடக் கொடுமை.

அடுத்தது உங்கள் தொழில் நடக்கிற விதம். பாய்மரப் படகுக்காரர்கள் எழுதுவது தவறில்லை, அவர்கள் நிலைமை வேறு. காற்றில் போகிறவர்கள் எஞ்சினை ஒரு நாளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் ஓட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் கவலை. உங்கள் போட்டு மூன்று நாள் இரவு பகலாக ஓடுகிறது. போய்ச் சேர்ந்ததும் தூண்டிலை விட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, ராத்திரி முழுக்க நீரோட்டத்தோடு கிடக்கிறது. ஓட்டத்தில் தேவைக்கு மேல் சார்ஜ், தங்கலில் தாங்குவதற்கு மேல் டிஸ்சார்ஜ். இரண்டும் ஒரே பேட்டரிக்கு. தண்ணீர் வற்றுவதும் லைட் மங்குவதும் ஒன்றுக்கொன்று முரணாக உங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் இதுதான்.

தங்கலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராத்திரி எட்டிலிருந்து நான்கு வரை எஞ்சின் இல்லை, எட்டு மணி நேரம். டெக்கில் 20 வாட் எல்.இ.டி எட்டு என்றால் 1,280 வாட்-ஹவர். உள்ளே எரியும் லைட் 40 வாட், அது 320. மாஸ்ட் லைட்டும் சைடு லைட்டும் எல்.இ.டியாக இருந்தால் 160. சின்ன ஃபேன் நான்கு, 480. ஜி.பி.எஸ், ஏ.ஐ.எஸ், வயர்லெஸ் வகையறா 320. பன்னிரண்டு பேர் போன் சார்ஜ் 150 என்று வையுங்கள். மொத்தம் 2,710. அதை 24ஆல் வகுத்தால் 113 ஆம்பியர்-ஹவர். இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. 150 பேட்டரி இரண்டை சீரியஸில் போட்டால் வோல்ட்தான் இரட்டிக்கும், ஆம்பியர்-ஹவர் அதே 150தான், 300 ஆகாது. ஆக 150இல் 113 எடுக்கிறீர்கள், நூற்றுக்கு எழுபத்தைந்து. அதிலும் 150 என்று ஒட்டியிருப்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக, ஏழரை ஆம்பியர் வீதம் இறக்கினால் கிடைக்கும் அளவு. நீங்கள் பதினான்கு ஆம்பியர் வீதம் இழுக்கிறீர்கள், அதனால் உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு. இரண்டு மணிக்கு லைட் மங்காமல் என்ன செய்யும்? என் லைட் எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது, உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். டெக்கில் பழைய ஹாலஜன் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் அதுவே தனியாகப் பாதியைத் தின்றுவிடும். லெட்-ஆசிட் பேட்டரியை தினமும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஸ்டார்ட்டிங் பேட்டரி வகையானால் அதன் பிளேட் மெலிது, பாதி வரை இறக்குவதையே அது நெடுநாள் தாங்காது.

இனி காலையில் திரும்ப ஏற்றுவது. எடுத்த 113ஐத் திருப்பிக் கொடுக்க சுமார் 130 ஆம்பியர்-ஹவர் உள்ளே போக வேண்டும், மீதி சூடாகவும் வாயுவாகவும் வீணாகும். இறங்கிக் கிடக்கும் 150 பேட்டரி முதலில் 30 ஆம்பியர் வரை வாங்கும். எண்பது சதவீதம் வர ஏறக்குறைய மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு அது தானாகவே வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும்: இருபது, பத்து, ஐந்து என்று. கடைசி இருபது சதவீதம் நிறைய இன்னும் நான்கைந்து மணி நேரம். டிஸ்சார்ஜில் பிளேட்டின் ஆழத்தில் படிந்த சல்ஃபேட் கரைந்து ஆசிட்டாக வெளியே வரும் வேகத்துக்கு மேல் யாராலும் அதைத் தள்ள முடியாது. 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டாலும் இந்த நான்கைந்து மணி நேரம் குறையாது. காலையில் தூண்டிலை இழுத்து வாங்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும், அந்த ஆர்.பி.எம்மில் 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எழுதியிருப்பதில் பாதிகூடத் தராது. நான்கு மணி நேரம் தூண்டில் வாங்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி எழுபது, எழுபத்தைந்தில் நிற்கிறது. அடுத்த ராத்திரி அங்கிருந்து இறக்கம். பத்து நாள் இப்படிப் போனால் கரையாமல் விட்ட சல்ஃபேட் கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அது திரும்பி வராது. என் ஊகத்தில் உங்கள் பேட்டரியைக் கொல்வதில் பாதிப் பங்கு இந்தக் கடைசி இருபது சதவீதத்துக்கு.

மெக்கானிக் சொன்ன ஆல்டர்னேட்டருக்கு இதோடு பதில் வந்துவிட்டது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 28 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் எஞ்சினிலிருந்து ஆறேழு குதிரைத்திறன் போகும், ஒற்றை பெல்ட் அதைத் தாங்காது. கறுப்புப் பொடியாக உதிரும். கடைக்காரர் சொன்ன டியூபுலர் ஆழமாக இறக்குவதை நன்றாகத் தாங்கும், அது உண்மை. ஆனால் அது சார்ஜ் வாங்குவது இன்னும் மெதுவாக, பொதுவாக ஆம்பியர்-ஹவர் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் 200 அளவிலாவது வாங்க வேண்டும், உயரமான அந்த வீட்டு இன்வெர்ட்டர் டப்பாவை, படகு உருளும்போது சாயாமல் கட்டை அடித்துக் கட்ட வேண்டும். ஸ்டார்ட்டிங்குக்கு அதைப் போடவே கூடாது.

சார்ஜ் குறைவாக ஏறுவதற்கு இன்னொரு காரணம் வயர். எந்த பேட்டரி ஜோடி லைனில் சேர வேண்டும் என்று மாற்றும் செலக்டர் ஸ்விட்ச் போர்டில் இருக்கும் மீட்டர் 28.2 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆல்டர்னேட்டர் பக்கத்து வோல்ட்டாக இருக்கலாம், பேட்டரிக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு. போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர், 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் 50 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் கால் வோல்ட்டோடு முடியும். இரண்டு பேட்டரி ஜோடியையும் பிரிக்க டயோடு ஐசொலேட்டர் போட்டிருந்தால் அதில் இன்னொரு 0.7 போகும். இதற்கு மேல் களிம்பு. நம் பக்கத்து உப்புக் காற்றில் வயர் நுனியில் மாட்டும் லக்குக்குள் பச்சைக் களிம்பு பூத்து, வெளியே பார்த்தால் வயர் புதுசு மாதிரி இருக்கும். இன்சுலேஷனை இரண்டு விரல் அளவு உரித்துப் பாருங்கள், உள்ளே கம்பி கறுத்திருந்தால் அந்த வயரின் காலம் முடிந்தது. புதிதாகப் போடும்போது டின் பூசிய கம்பி, கிரிம்ப் செய்த லக், அதன் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். மீட்டரை எப்போதும் பேட்டரி டெர்மினலில் வைத்தே பாருங்கள், போர்டில் வேண்டாம். வயதான ஒரு சிராங்கு (போட்டு ஓட்டுகிறவர்) என்னிடம் கேட்டார், "லைட்டு எரியுதுல்லா மக்கா, பொறவு என்னத்துக்கு மீட்டரு?" லைட் 22 வோல்ட்டிலும் எரியும். பேட்டரி அதற்குள் செத்திருக்கும்.

ஓட்டத்துக்கு வருவோம். லாரி எஞ்சினிலிருந்து வந்த ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் வோல்ட்டை 28 முதல் 28.5 வரை ஒரே அளவில் வைத்திருக்கும். இறங்கிய பேட்டரியை ஏற்ற அது நல்ல அளவு. நிறைந்த பேட்டரிக்கு அது அதிகம், 27 போதும். சூடு ஏற ஏற இன்னும் குறைவாகக் கொடுக்க வேண்டும். 24 வோல்ட் ஜோடிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.05 வோல்ட் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. எஞ்சின் ரூம் 45 டிகிரி என்றால் ஒரு வோல்ட் குறைய வேண்டும். உங்கள் ரெகுலேட்டருக்கு பேட்டரி இருக்கும் இடத்துச் சூடு தெரியாது. ஆக மூன்று நாள் இரவு பகலாக, நிறைந்து போன பேட்டரிக்கு இரண்டு வோல்ட் அதிகமாகக் கொடுத்துக்கொண்டே போகிறீர்கள். தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகிறது. பாசிட்டிவ் பிளேட்டின் கம்பிவலை அரிக்கிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும், மூடிய எஞ்சின் ரூமில் அதுவும் ஒரு ஆபத்து. பத்து டிகிரி சூடு கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்று சொல்வது தோராயமான விதி, ஆனால் திசை சரி.

இதற்கு முதல் வேலை லைட் ஜோடியை எஞ்சின் ரூமிலிருந்து வெளியே கொண்டுவருவது. வீல்ஹவுஸுக்குப் பின்னால், மேலே காற்றுப் போக வழி வைத்த ஒரு பெட்டி போதும். வயர் நீளும், அதற்கேற்பத் தடிப்பைக் கூட்டுங்கள். இரண்டாவது, சூடு உணரும் சென்சரோடு மூன்று கட்டமாக வோல்ட்டை மாற்றும் வெளி ரெகுலேட்டர். அது விலை அதிகம், போடத் தெரிந்தவரும் வேண்டும். மூன்றாவது, காசில்லாத வழி: ஓட்டத்தில் லைட் ஜோடி நிறைந்ததும் செலக்டரை ஸ்டார்ட்டிங் பக்கம் மட்டும் திருப்பி வைப்பது, ஒரு நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் இரண்டையும் சேர்ப்பது. ஸ்டார்ட்டிங் ஜோடிக்கு அதிகச் சார்ஜ் போவதை இது தடுக்காது, தண்ணீர் பார்க்கும் வேலை அதற்குத் தொடரும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ஸ்விட்ச் ஒரு கணம்கூட 'ஆஃப்' வழியாகப் போகக் கூடாது. ஆல்டர்னேட்டரின் லைன் திடீரென்று திறந்தால் வோல்ட் எகிறி டயோடு வெடிக்கும், வீல்ஹவுஸில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸையும் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரையும் கூடவே கொண்டுபோகும். நீங்கள் எப்போதும் செலக்டரை இரண்டிலும் சேர்த்தே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் அப்படியே இருந்தால் லைட் எரித்துத் தீர்ப்பது ஸ்டார்ட்டிங் பேட்டரியையும்தான். கரையிலிருந்து முந்நூறு நாட்டிக்கல் மைலில் ஸ்டார்ட்டர் வெறும் 'டிக்' சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்? எஞ்சினை நிறுத்துகிற கையே ஸ்விட்சையும் லைட் பக்கம் திருப்ப வேண்டும். மறதி இருக்கும் என்றால் வோல்ட் ஏறும்போது சேர்த்து, இறங்கும்போது பிரிக்கும் ரிலே ஒன்று போட்டுவிடுங்கள்.

நிறைந்துவிட்டதா என்பதைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு அட்டவணையில் நிறைந்த பேட்டரி 12.7 வோல்ட் என்று போட்டிருக்கும். அங்கே ஆசிட் அடர்த்தி 1.265க்கு மேல். நம் நாட்டுச் சூட்டுக்காக இங்கே பல பேட்டரிகளில் 1.240 அளவில்தான் நிரப்புகிறார்கள். அடர்த்தியோடு 0.84 சேர்த்தால் ஒரு செல்லின் வோல்ட் ஏறக்குறைய வரும், ஆறால் பெருக்கினால் பேட்டரி. 1.240க்கு 12.5தான் வருகிறது. 12.7 வரவில்லையே என்று மேலும் மேலும் சார்ஜ் போட்டுப் பேட்டரியைக் கெடுத்தவர்கள் உண்டு. உங்கள் பேட்டரி புதிதாக, நிறைந்திருக்கும்போது, லோடு இல்லாமல் மூன்று மணி நேரம் விட்டு அளந்து, அந்த எண்ணைப் பேட்டரி மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் அட்டவணை. வற்றினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகு. ஆசிட் ஊற்றக் கூடாது. கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும், அதுவும் வேண்டாம். கடல் தண்ணீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும், எஞ்சின் ரூமில் நிற்க முடியாது.

லித்தியம் பற்றி. மச்சான் சொல்வதில் பாதி சரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கினாலும் தாங்கும். நிறையாமல் விட்டாலும் அதற்குச் சல்ஃபேட் கவலை இல்லை, கொடுத்த கரண்ட் அநேகமாக முழுதும் உள்ளே போகும், கடைசி இருபது சதவீதத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். உங்கள் தங்கலுக்கு ரசாயனமாக அது பொருத்தம்தான். சொல்லாமல் விட்ட பாதி இது: அது கேட்டதை எல்லாம் ஆல்டர்னேட்டர் கொடுக்கப் பார்க்கும், மணிக்கணக்கில் முழு லோடில் ஓடி, மெதுவான ஆர்.பி.எம்மில் காற்றும் பத்தாமல் காயில் கருகும். உள்ளே இருக்கும் பி.எம்.எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் ஏதோ காரணத்துக்குத் துண்டித்தால் மேலே சொன்ன வோல்ட் எகிறல். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்று பல பேட்டரிகளில் எழுதியிருக்கும், உங்கள் எஞ்சின் ரூமே அது. அதனால் ஸ்டார்ட்டிங் ஜோடி லெட்-ஆசிட்டாகவே இருக்கட்டும். ஆல்டர்னேட்டர் அதை மட்டும் ஏற்றட்டும், அங்கிருந்து 20, 30 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும் டி.சி-டி.சி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குப் போகட்டும். இந்த அமைப்பு இல்லாமல் பேட்டரியை மட்டும் தூக்கிப் போட்டு மாற்றுவதாக இருந்தால் வேண்டாம். பழைய மின்வண்டியிலிருந்து பிரித்த பேக்கை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாய்மரக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்று கேட்டால் நான் சோலாரைத்தான் சொல்வேன். அவர்கள் எஞ்சினால் எண்பது வரை ஏற்றிவிட்டு, மீதி இருபதை வெயிலிடம் விடுகிறார்கள். கடைசி இருபது சதவீதம் கேட்பது அதிக ஆம்பியரை அல்ல, அதிக நேரத்தை. வெயில் கொடுப்பதும் அதைத்தான். வீல்ஹவுஸ் கூரையில் ஒரு கிலோவாட் பேனல், பேனலின் முழு சக்தியையும் எடுக்கும் எம்.பி.பி.டி கன்ட்ரோலரோடு, தெளிந்த நாளில் மூன்றரை யூனிட் அளவு தரும். உங்கள் ராத்திரிச் செலவு 2.7 யூனிட். ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆனால் மாஸ்ட் நிழலும் கயிற்று நிழலும் விழுந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஒரு பேனலின் ஒரு வரிசை செல்லில் நிழல் விழுந்தாலே அதன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பேனல்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். அலுமினிய பிரேமில் சாதா இரும்பு போல்ட் போடாதீர்கள், இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் ஒன்று கரையும். பறவை எச்சத்தை அன்றன்றைக்கு ஈரத்துணியால் துடைக்க யாரையாவது பழக்குங்கள். காற்றாடி வைக்கலாமா என்றும் கேட்பார்கள், முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிப் போய்வருகிற ஊர்க்காரர்கள் அல்லவா. காற்றின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். 1.2 மீட்டர் காற்றாடி வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் 25 வாட் கொடுத்தால் அதிகம், ஒரு ஃபேனும் ஒரு போனும் அதில் ஓடும். தூண்டில் கயிற்றுக்கு நடுவில் அதைச் சுற்றவிடும் தொல்லைக்கு அது தகாது.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் சேருங்கள். நம் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் (கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14). பாதி சார்ஜில் கட்டிப்போட்ட போட்டில் பேட்டரி சும்மா இருந்தாலே தானாக இறங்கும், சூட்டில் வேகமாக. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்பு அதற்கு மேல். ஆகஸ்ட்டில் ஸ்டார்ட் செய்யும்போது போன பேட்டரி உண்மையில் ஜூலையிலேயே போய்விட்டது. பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுக்க ஏற்றி, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்றுங்கள். செல்லுக்குச் செல் அடர்த்தி வித்தியாசம் இருந்தால் அதைச் சமப்படுத்தும் அதிக வோல்ட் சார்ஜையும் கடைக்காரரிடம் இந்தச் சமயத்தில்தான் செய்ய வேண்டும், மூடி திறந்து, பக்கத்தில் பீடி, சிகரெட் இல்லாமல். அந்த நாட்களில் பம்புக்கு மட்டும் பழைய பேட்டரி ஒன்றைப் போட்டில் விட்டு வையுங்கள்.

காசு செலவழிக்கும் வரிசையைக் கேட்டால்: மல்டிமீட்டரும் ஹைட்ரோமீட்டரும், பிறகு 12 வோல்ட் கன்வெர்ட்டர், பிறகு வயரும் லக்கும், பேட்டரி இடமாற்றம், அதற்கு மேல் சோலார். புது லைட் பேட்டரி, எந்த வகையானாலும், இவை முடிந்த பிறகு. வாங்கும்போது ஜோடியாக, ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத் தயாரிப்பு. பழையதில் நல்லதாக நிற்கும் ஒன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அது மூத்ததன் ஆயுளுக்கே வரும். ஆல்டர்னேட்டரை மாற்றுவது கடைசி, அது தேவைப்படாமலும் போகலாம். அடுத்த முறை எழுதும்போது மூன்று விவரம் கொடுங்கள்: எஞ்சின் ஐந்து மணி நேரம் ஓடியபின் நான்கு பேட்டரியின் தனித்தனி வோல்ட், லைட் ஜோடியின் பன்னிரண்டு செல்லின் அடர்த்தி, வயர்லெஸ்ஸின் சிவப்பு வயர் எந்த டெர்மினலில் போய் நிற்கிறது என்பது. அவை இருந்தால் மேலே ஊகமாக விட்ட இடங்களை நிரப்பிச் சொல்கிறேன்.